வாட்ச்மேன் அறையைத் திறந்துவிடுங்கள்: எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா, செயலாளர் அம்மா, குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

லிப்ட் பக்கத்தில் நீங்கள் ஒட்டியிருக்கும் இரண்டாவது சுற்றறிக்கையைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ரிமோட்டில் ஓடும் பொம்மைக் கார் பேட்டரியை வீட்டிலோ பொது இடத்திலோ சார்ஜ் போட்டால் 2,000 ரூபாய் அபராதம். பையைத் திறந்து பார்க்க வாட்ச்மேனுக்கு அனுமதி. நடந்தது என்னவென்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மூன்றாம் மாடிப் பையனின் அலமாரி எரிந்தபோது பார்க்கிங்கில் இருந்த மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் நானும் ஒருவன். நீங்கள் பயந்ததில் தவறே இல்லை. ஆனால் அந்தத் தீ ஏன் பிடித்தது என்று குழுவில் யாராவது ஒருவர் அவனிடம் கேட்டீர்களா?

நான் கேட்டேன். அவன் சொன்னதை உங்களுக்குச் சொல்ல வேண்டியது என் கடமை.

முதல் சுற்றறிக்கை வரும்வரை அவன் ஹாலில், அம்மாவின் கண் முன்னால், டைல்ஸ் தரையில் மண்சட்டிக்குள் வைத்துத்தான் சார்ஜ் போட்டான். அப்படிச் செய்யச் சொல்லிக்கொடுத்தவன் நான். நீங்கள் தடை போட்டதும் அவன் அம்மா பயந்துபோய் வேண்டாம் என்றுவிட்டார். பதினான்கு வயதுப் பிள்ளை அதற்காகக் கார் ஓட்டுவதை விட்டுவிடுமா? மறைத்து மறைத்துச் செய்ய ஆரம்பித்தான்.

மறைத்துச் செய்கிறவனுக்கு நேரம் அவன் கையில் இல்லை. வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து பேட்டரியை நிரப்பி ஒளித்து வைத்துவிட வேண்டும். அப்படித்தான் முழு சார்ஜோடு மூன்று வாரம், அதுவும் அக்னி நட்சத்திரச் சூட்டில், துணிகளுக்கு நடுவே அந்த பேட்டரி கிடந்திருக்கிறது. இந்தக் கார்களில் இருக்கும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிக்கு இது ஆகவே ஆகாது. பேட்டரிக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லும் முழுசாக நிரம்பினால் 4.2 வோல்ட். ஓட்டாமல் எடுத்து வைப்பதானால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவுக்கு இறக்கித்தான் வைக்க வேண்டும். நல்ல சார்ஜர்களில் இதற்கென்றே ஸ்டோரேஜ் மோட் உண்டு. நிரம்பிய நிலையில் சூட்டில் கிடந்தால் உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து, வாயு சேர்ந்து, பேட்டரி தலையணை மாதிரி உப்பிவிடும். உப்பியதை மறுபடி சார்ஜரில் மாட்டவே கூடாது. அவனுக்கும் அது தெரியும். ஆனால் புதிது வாங்கித் தரச் சொல்லி யாரிடம் போய்க் கேட்பான்?

அன்று மாலை ஹெலிபேட் மைதானத்தில் ஓட்டிவிட்டு வந்திருக்கிறான். பெற்றோர் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார்கள். அவர்கள் திரும்ப அரை மணி நேரம்தான் இருந்தது. ஓடி முடித்த பேட்டரி நன்றாகச் சூடேறியிருக்கும். ஆறிய பிறகுதான் சார்ஜ் போட வேண்டும். ஆறவிட அவனுக்கு நேரமில்லை. 5000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) கொள்ளளவுள்ள பேட்டரிக்கு 5 ஆம்பியர் வைத்து ஒரு மணி நேரம் பொறுத்திருப்பதுதான் முறை. இவன் 10 வைத்தான். அப்புறம், சார்ஜ் முடிந்தால் சார்ஜர் பீப் பீப் என்று கத்தும் அல்லவா? எதிர் வீட்டில் இருப்பவர் உங்கள் குழு உறுப்பினர். அவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்று சார்ஜர், பேட்டரி இரண்டின் மேலும் போர்வையைப் போட்டு மூடி, அலமாரிக் கதவையும் சாத்தியிருக்கிறான்.

அந்தப் போர்வையை நினைத்தால் எனக்கு இன்னும் சரியாகத் தூக்கம் வருவதில்லை. அவன் இடது கையில் இரண்டு விரல்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். கதவைத் திறந்து, எரிகிற போர்வையை இழுத்து வெளியே போட்ட கை அது.

ஐயா, அம்மா, ஆட்கள் பார்க்கும் இடத்தில் நடந்துகொண்டிருந்த ஒரு வேலையை உங்கள் தடை அலமாரிக்குள் தள்ளியது. அபராதமும் பைச் சோதனையும் வந்தால் இன்னும் உள்ளே, கட்டிலுக்கு அடியில் போகும். அதனால்தான் கேட்கிறேன்: கேட் பக்கத்துப் பழைய வாட்ச்மேன் அறையை, இந்தக் கார்களை ஓட்டும் எங்களுக்குத் திறந்துவிடுங்கள். எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில், பெரியவர் ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்க, சார்ஜ் போட்டுக்கொள்கிறோம்.

செல்போன் இல்லாத வீடு இல்லை, அது எரியவில்லையே, இது மட்டும் ஏன் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். போனுக்குள் அளவு மீறினால் நிறுத்திவிடும் பாதுகாப்புச் சுற்று இருக்கிறது. எங்கள் கார் பேட்டரிகளில் பெரும்பாலும் அது கிடையாது. எந்த மோட், எத்தனை ஆம்பியர், செல்களைச் சமமாக நிரப்ப உதவும் பேலன்ஸ் ஒயர் மாட்டியாயிற்றா என்பதெல்லாம் சார்ஜரையும் பக்கத்தில் இருக்கும் ஆளையும் பொறுத்தது. பழைய நிக்கல் பேட்டரிக்கான மோடில் லிப்போவைப் போட்டுவிட்டால், நிறுத்த வேண்டிய இடத்தில் சார்ஜர் நிறுத்தாது. ஆகவே ஆள் இல்லாமல் சார்ஜ் போடுவதுதான் இதில் பெரிய ஆபத்து. ஆள் உட்கார ஓர் இடத்தைத்தான் நாங்கள் கேட்கிறோம்.

இதை எழுதும்போது இன்னொன்றும் மனதில் வருகிறது, சொல்லிவிடுகிறேன். பார்க்கிங்கில் தினமும் இரவு நான்கு மின்சார ஸ்கூட்டர்கள் சார்ஜில் நிற்கின்றன. அதில் இரண்டுக்கு முதல் மாடி ஜன்னலிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் தொங்குகிறது. எங்கள் காரின் சாதாரண இரண்டு செல் பேட்டரியில் இருப்பது 37 வாட் மணி மின்சக்தி. ஸ்கூட்டர் பேட்டரியில் இருப்பது ஆயிரக்கணக்கில். அவற்றைத் தடை செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன். வேலைக்குப் போகிறவர்களின் வண்டி அவை. ஆனால் அவற்றைப் பற்றி ஒரு வரிகூட எழுதாத சங்கம், ஒரு பிள்ளையின் பையைச் சோதிக்கச் சொல்வது எனக்கு வலிக்கிறது.

மறுநாள் காலை நடந்ததும் வலிக்கிறது. எரிந்துபோன அந்த பேட்டரி, மக்கும் குப்பை போடும் பச்சைக் கூடையில், வாழைப்பழத் தோலுக்கு நடுவே கிடந்தது. அதில் ஒரு செல் இன்னும் சாகவில்லை. குப்பை வண்டியோடு வரும் அக்கா வெறும் கையால் பிரிக்கிறவர். வண்டிக்குள் அது நசுங்கியிருந்தால்? பேட்டரியை மற்றக் குப்பையோடு கலக்கக் கூடாது என்று 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளே சொல்கின்றன. நான் அதை எடுத்து, மணல் போட்ட தகர டப்பாவில் வைத்து, வெளியே மதிலோரம் வைத்திருக்கிறேன். இதற்கும் அந்த அறையில் ஒரு டப்பா வைத்து, சேர்ந்ததும் மறுசுழற்சிக்கு ஒப்படைக்கலாம்.

சரி, அறைக்கு வருகிறேன். மொட்டைமாடி கொட்டகையில் போட்டுக்கொள்ளுங்களேன் என்று செயலாளர் அம்மா அன்போடுதான் சொன்னீர்கள். தகரக் கூரைக்குக் கீழ் கோடைப் பகலில் மனிதரே நிற்க முடியாது; பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் போடவே கூடாது. உப்புக் காற்றில் கனெக்டர் முனைகளும் பச்சை பூத்துவிடும். பூத்த முனை சூடாகும். வாட்ச்மேன் அறை அப்படி இல்லை. சிமென்ட் தரை, எதிரெதிரே இரண்டு கம்பி ஜன்னல்கள், தரையிலிருந்து மூன்று படி உயரம். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலன்று பார்க்கிங்கில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோதும் அந்த அறைக்குள் ஒரு சொட்டு வரவில்லை. இப்போது அதில் இருப்பது உடைந்த நாற்காலிகளும் போன பொங்கல் விழா பேனர்களும்தான்.

சங்கப் பணத்தில் ஒரு ரூபாய்கூட வேண்டாம். தனி எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானே நிறுத்தும் சுவிட்ச்) போட்டு ஒரு பிளக் பாயின்ட், ஒரு சப் மீட்டர், புகை அலாரம், சார்ஜ் போட சிமென்ட் கல் மேடை, மண்சட்டிகள், இரண்டு வாளி மணல், ஒரு வாளித் தண்ணீர், எல்லாம் எங்கள் செலவு. மணல் இந்தத் தீயை முழுசாக அணைத்துவிடாது, பொறி தெறிக்காமல் பிடித்து வைக்கும். அதற்குள் ஆட்கள் வெளியே வந்துவிடலாம், அந்தப் புகையை மூச்சில் இழுக்கக் கூடாது. மாலை 5 முதல் 9 வரை மட்டும், பெரியவர் இல்லாமல் சார்ஜர் ஓடாது. இரவில் முழு சார்ஜோடு எந்த பேட்டரியும் அங்கே இருக்காது. ஸ்டோரேஜ் அளவில் இருப்பவை மட்டும், வாயு வெளியேற வழி விட்ட இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். ஒரு தடவை நாங்கள் இதை மீறினாலும் அறையைப் பூட்டிக்கொள்ளுங்கள், ஏன் என்று கேட்க மாட்டோம்.

போன கூட்டத்தில் இதைக் கேட்டபோது அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றீர்கள். அதற்கு முந்தைய கூட்டத்திலும் அதைத்தான் சொன்னீர்கள். இந்த இரண்டு கூட்டங்களுக்கு நடுவில்தான் அந்தப் போர்வை எரிந்தது. கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். கேட்பது மட்டும் மாறவில்லை. அந்த அறையைத் திறந்துவிடுங்கள்.

சாவி செயலாளர் அம்மாவிடம் இருப்பதாக வாட்ச்மேன் அண்ணன் சொன்னார். வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு நாங்கள் நான்கு பேர் துடைப்பத்தோடு கேட் அருகே நிற்போம். மூன்றாம் மாடித் தம்பியும் கட்டுப் போட்ட கையோடு வருகிறேன் என்றிருக்கிறான். தயவுசெய்து சாவியைக் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
இரண்டாம் மாடிக் குடியிருப்பாளர்,
லாஸ்பேட்டை, புதுச்சேரி.