இருப்பு வைப்பது யார் செலவில்?

ஐயா,

தேவைப்படும் நேரத்தில் மட்டும் உதிரிபாகங்களை வரவழைத்து, கிடங்குச் செலவைக் குறைப்பது நல்ல முறைதான். ஆனால் அதை வகுத்த டொயோட்டாவே அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டது. 1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானின் கரியாவில், டொயோட்டாவுக்கு உதிரிபாகம் தரும் ஐசின் நிறுவனத்தின் ஆலை தீப்பிடித்தது. பிரேக்குக்கான ஒரு சின்ன வால்வு வரவில்லை. டொயோட்டாவின் ஆலைகள் நாள்கணக்கில் நின்றன. கையிருப்பு மிகக் குறைவாகத்தான் இருந்தது. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு, சிப்புகளையாவது 2 முதல் 6 மாதத்துக்குச் சேர்த்து வைக்கும்படி சப்ளையர்களிடம் அந்நிறுவனம் சொன்னது.

நான் அம்பத்தூரில் சிறு பட்டறை நடத்துகிறேன். எங்களிடம் வாங்கும் பெரிய ஆலை தன் கிடங்கைக் காலியாக வைத்துக்கொள்கிறது. சரக்கெல்லாம் எங்கள் ஷெட்டில், எங்கள் வங்கிக் கடனில் கிடக்கிறது. லாரி தாமதமானால் அபராதம். அவர்கள் லைன் நின்றாலோ, "அப்புறம் எடுத்துக்கொள்கிறோம்" என்று ஒரு போன், அவ்வளவுதான். சுமையை இளைத்தவன் தலையில் ஏற்றுவது எப்படிச் சிக்கனமாகும்? அவசர இருப்புக்கான செலவில் பாதியை வாங்கும் நிறுவனம் ஏற்கும் என்று கொள்முதல் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். சிறுதொழில் சங்கங்கள் இதை இப்போதே கேட்க வேண்டும்.

– ஒரு வாசகர், அம்பத்தூர்