தெருவில் துளையிடுவது எதற்கு?

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பள்ளியில் சேர்ந்த செய்தி மகிழ்ச்சி அளித்தது. உன் முழங்கால் வலிக்கு மருத்துவரைப் பார்ப்பதை மட்டும் இனியும் தள்ளிப்போடாதே. மெட்ரோ சுரங்கம் தோண்டுவதற்கு முன்பே உங்கள் தெருவில் இரவெல்லாம் இடித்துக்கொண்டிருக்கிறார்களே, அப்படி என்ன தேடுகிறார்கள் என்று கேட்டிருந்தாய். பாதி வாழ்நாளை அந்த வேலையிலேயே கழித்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உன் தூக்கத்தைக் கெடுப்பது 63.5 கிலோ எடையுள்ள சம்மட்டி 75 செ.மீ. உயரத்திலிருந்து விழும் ஓசை. துளையின் அடியில் வைத்த குழாய் முதல் 15 செ.மீ. இறங்குவதை விட்டுவிட்டு, அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். இரண்டு மூன்று அடியிலேயே இறங்கினால் குழைந்த களிமண். ஐம்பது அடித்தும் இறங்காவிட்டால் மிகக் கெட்டியான மண் அல்லது பாறை. பாறை வந்ததும் வைர முனைக் குழாயால் கடைந்து, உருளை உருளையாக வரும் கல்லை ஆழ வரிசைப்படி பெட்டியில் அடுக்குவார்கள். அந்தப் பெட்டியில் நான் முதலில் தேடுவது காலி இடத்தைத்தான். ஒன்றரை மீட்டர் கடைந்தும் அரை மீட்டர் கல்தான் கிடைத்தது என்றால், பெரும்பாலும் மீதி நொறுங்கி நீரோடு போயிருக்கும். சுரங்கத்துக்கு ஆபத்து அங்கேதான் காத்திருக்கிறது.

சுவிட்சர்லாந்தின் லோட்ஷ்பெர்க் ரயில் சுரங்கத்தை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. காஸ்டர்ன் பள்ளத்தாக்கின் தரைக்கு ஏறத்தாழ 180 மீட்டர் கீழே செல்வதால் அங்கே உறுதியான பாறையே இருக்கும் என்று கணித்தார்கள். ஆனால் பனியாறு முற்காலத்தில் குடைந்த பள்ளம், மணலும் சரளையும் நிரம்பி, அவர்கள் நினைத்ததைவிட மிக ஆழமாக இறங்கியிருந்தது. 1908 ஜூலை 24 அன்று வைத்த வெடி பாறையைத் திறந்துவிட, நீரும் சேறும் பாய்ந்து 25 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அப்பகுதியைச் சுவரெழுப்பி மூடிவிட்டு, வழியை வளைத்துத்தான் வேலையை முடித்தார்கள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது மண்ணுக்குப் பொருந்தாது. இரண்டு துளைகளுக்கு நடுவே இருப்பதை நாம் ஊகிக்கத்தான் செய்கிறோம். சென்னையிலோ களியும் மணலும் அடுக்கடுக்காகக் கிடக்க, சில இடங்களில் பாறை திடீரென்று மேலெழும். சுரங்கம் குடையும் இயந்திரத்தின் முகத்தில் பாதி பாறையும் பாதி மண்ணும் ஒன்றாக வந்துவிட்டால், பாறையை அது மெல்லத் தின்றுகொண்டிருக்கும்போதே மண் அளவுக்கு மீறி உள்ளே சரிந்து, மேலே சாலை உள்வாங்கக்கூடும். ஆகவே அவர்கள் இன்னும் நான்கு துளை கூடுதலாகப் போட்டாலும் கோபித்துக்கொள்ளாதே.

உன்னால் ஆகவேண்டிய காரியம் ஒன்றும் இருக்கிறது. கல்லூரி நாட்களில் உன் வீட்டுப் பின்கட்டில் நாம் இறைத்துக் குளித்த கிணற்றை, பிறகு இடிபாடுகளைக் கொட்டி மூடிவிட்டதாகச் சொன்னாய் அல்லவா? எந்த வரைபடத்திலும் அது இருக்காது. நாளைக் காலையிலேயே அங்குள்ள பொறியாளரை அழைத்து இடத்தைக் காட்டு. எத்தனை உறை இறக்கியிருந்தது என்பது நினைவிருந்தால் அதையும் சொல். அப்பா போட்ட போர்வெல்லின் இரும்புக் குழாய் உள்ளேயே இருக்கிறதா என்று அண்ணனிடம் கேட்டுவிட்டு எனக்கும் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்