ஆகர் மோட்டாரை எங்களுக்கே வித்துடுங்க: பெல்லட் ஸ்டவ் கம்பெனிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கம்பெனி நிர்வாகத்துக்கும், அமெரிக்கால மெய்ன் மாநிலத்துல உங்க ஸ்டவ்வ விக்கற டீலர்களுக்கும் வணக்கம்.

என் விஷயம் உங்களுக்குத் தெரியும், போட்டோ வீடியோ எல்லாம் மெயில்ல அனுப்பியாச்சு, அதனால முதல்லேர்ந்து சொல்லப் போறதில்ல. மரத்தூளை அழுத்திச் செஞ்ச குட்டித் துண்டுங்களை, அதான் பெல்லட்டை, எரிச்சு வீட்டைச் சூடாக்கற உங்க ஸ்டவ்ல, பெல்லட்டை நெருப்புக்குத் தள்ளற திருகுத் தண்டை, அதாவது ஆகரை, சுத்த வைக்கற மோட்டார் தேஞ்சு போச்சு, புதுசு ஒண்ணு வேணும், காசு குடுத்து வாங்கிக்கறேன், அவ்வளவுதான் கேட்டேன். பார்ட்ஸ் எல்லாம் கஸ்டமருக்கு நேரா குடுக்கறதில்ல, டீலரைப் பாருங்கன்னு நேத்து உங்ககிட்டேருந்து பதில் வந்துச்சு. டீலர்கிட்ட கேட்டா டெக்னீஷியன் வந்து அவர் கையால மாட்டினாத்தான் மோட்டார் தருவோம், அவருக்கு பிப்ரவரி கடைசிலதான் டைம் இருக்குங்கறார். இப்ப ஜனவரி நடக்குது, ராத்திரில மைனஸ் 20 டிகிரி செல்சியஸுக்குப் போகுது.

ஆகர்ல மரத்தூள் அடைச்சிருக்கும், மோட்டார் நல்லாத்தான் இருக்கும்னு போன்ல சொன்னீங்க. சரின்னு பிளக்கைப் பிடுங்கிட்டு, பெல்லட் கொட்டி வைக்கற தொட்டில, அதான் ஹாப்பர்ல, இருந்த பெல்லட் முழுக்க அள்ளி எடுத்து, அடில தங்கின தூளை வேக்குவம் போட்டு உறிஞ்சி, மோட்டாரை ஆகரோட பிணைக்கற செட் ஸ்க்ரூவைத் தளத்தி மோட்டாரைத் தனியா கழட்டினேன். ஆகர் கையால திருப்பினாலே லேசா சுத்துது, எங்கயும் பிடிக்கல. மோட்டாரைத் தனியா ஓட விட்டா, குளிர்ந்து இருக்கறப்ப சுத்துது, சூடானதும் உர்ருன்னு உறுமிட்டு நின்னுடுது, ஷாஃப்டை பிளையர்ல பிடிச்சா உள்ள கியர் பல்லு நழுவற சத்தம் கேக்குது. அந்த வீடியோவும் உங்ககிட்ட இருக்கு. காத்து இழுப்பு சரியில்லன்னா ஆகரை நிறுத்தற வேக்குவம் சுவிட்சையும் செக் பண்ணியாச்சு, அது நல்லா இருக்கு. இதுக்கு மேல டெக்னீஷியன் வந்து என்னத்தக் கண்டுபிடிக்கப் போறார்?

இப்ப எங்க வீட்ல ராத்திரி எப்படிப் போகுதுன்னு மட்டும் கொஞ்சம் கேளுங்க. பேரனைப் பாக்க மதுரைலேர்ந்து என் மாமியார் வந்திருக்காங்க, எழுபது தாண்டினவங்க, அவங்க ஸ்டவ் இருக்கற ஹால்லதான் படுத்துக்கறாங்க, ஏன்னா மாடில இருக்கற பழைய கரண்ட் ஹீட்டர் இந்தக் குளிருக்குப் பத்தாது. ஆகர் சுத்தினா பெல்லட் டக் டக்குன்னு நெருப்பு எரியற கிண்ணத்துல, அதான் பர்ன் பாட்ல, விழும் இல்லையா, அந்தச் சத்தம் நின்னா அத்தைக்கு முழிப்பு வந்துடும், உடனே கம்பளிய இழுத்துப் போர்த்திக்கிட்டு மாடிப்படி கீழ நின்னு "மாப்ள, நின்னுடுச்சு"ன்னு கூப்பிடுவாங்க. நான் வந்து சைடு பேனலுக்குள்ள ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால மோட்டாரை ரெண்டு தட்டு தட்டினா மறுபடி ஓடும், எவ்வளவு நேரத்துக்குன்னு யாருக்கும் தெரியாது, நெருப்பு அணைஞ்சுட்டா மறுபடி முதல்லேர்ந்து பத்த வைக்கணும். ஊர்ல ராத்திரி பத்து மணிக்குப் படுத்தா விடிஞ்சுதான் எந்திரிக்கறவங்க அவங்க, இங்க வந்து கையுறை மாட்டிக்கிட்டு ஒரு மோட்டார் சத்தத்துக்குக் காவல் இருக்காங்க. இதை உங்க கஸ்டமர் சர்வீஸ்ல சொன்னப்ப "வருந்துகிறோம்"னாங்க. வருத்தம் வேண்டாங்க, மோட்டாரைக் குடுங்க.

பாதுகாப்புக் காரணத்தாலதான் நேரா குடுக்கறதில்லன்னு சொல்றீங்க. நியாயமான காரணம்தான், அதனாலயே கேக்கறேன். மோட்டார் மேல ஒட்டியிருக்கற பிளேட்ல 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்னு போட்டிருக்கு, அப்புறம் உங்க பார்ட் நம்பர். நிமிஷத்துக்கு எத்தனை சுத்து, கடிகாரம் சுத்தற பக்கமா எதிர்ப்பக்கமா, அது மட்டும் எங்கயுமே இல்ல, மேனுவல்லயும் இல்ல. இந்த வகை மோட்டார் 1 ஆர்பிஎம், 2 ஆர்பிஎம், 4, 6ன்னு ஆன்லைன்ல கிடைக்குது, பாக்கறதுக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். 1 ஆர்பிஎம் இருக்க வேண்டிய எடத்துல ஒருத்தர் 4 மாட்டிட்டா பெல்லட் எரியறதுக்குள்ள மேல மேல வந்து குவியும், பாட் நிரம்பி வழியும், வீடெல்லாம் புகையாகும். குளிர்ல குழந்தைய வச்சிக்கிட்டு ஒரு மாசம் காத்திருக்க முடியாதவங்க எதையாவது வாங்கி மாட்டத்தான் செய்வாங்க. அப்ப ஆபத்து எங்கேருந்து வருது, சரியான மோட்டாரை எங்க கைல குடுக்கறதாலயா, மறைச்சு வைக்கறதாலயா?

வேலையும் பெரிசு ஒண்ணும் இல்ல. ரெண்டு ஒயர் கனெக்டர், ஒரு செட் ஸ்க்ரூ, அதைத் தாங்கற பிராக்கெட். எங்க ஊர்ல கிரைண்டர் பெல்ட் அந்துட்டா கடைல புதுசு வாங்கி அம்மாவே மாட்டிட்டு மாவாட்டுவாங்க, எந்தக் கம்பெனியும் ஆள் வந்து மாட்டினாத்தான் பெல்ட் தருவேன்னு சொன்னதில்ல. இங்க என்னடான்னா காசு குடுத்து வாங்கின பொருள் நம்ம வீட்டுக்குள்ளயே இருக்கு, அதுல ஒரு ஸ்க்ரூ கழட்டணும்னா வித்தவன்கிட்ட அனுமதி கேக்க வேண்டியிருக்கு. வாஷிங் மெஷின், பிரின்டர், போன், எதை எடுத்தாலும் இதே கதைதான். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஜனங்க 2012லயே கார் ரிப்பேர் தகவல் எல்லா மெக்கானிக்குக்கும் கிடைக்கணும்னு ஓட்டுப் போட்டாங்க, மின்னசோட்டா மாநிலத்துல வீட்டு சாமான்களுக்கும் சேத்து ரிப்பேர் உரிமைச் சட்டம் 2024 ஜூலைல அமலுக்கு வந்துச்சு. சட்டம் வந்து கையப் பிடிச்சு இழுத்தாத்தான் குடுப்பீங்களா? குளிர்காலம் அதுவரைக்கும் நிக்காதுங்க. டெக்னீஷியன்கள் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல, பாவம் அவங்களே ஜனவரி பூரா ஓடிட்டிருக்காங்க, முடிஞ்ச வேலைய நாங்களே செஞ்சுக்கிட்டா அவங்களுக்கும் பாரம் குறையும்.

கோபத்துல கொஞ்சம் அதிகமா பேசியிருந்தா பொறுத்துக்குங்க. பணிவா கேக்கறது இதுதான். தேயற பார்ட்ஸை, முக்கியமா ஆகர் மோட்டாரை, ஸ்டவ் வாங்கினவங்களுக்கு நேரா விக்க ஆரம்பிங்க. ஆர்பிஎம்மும் சுத்தற திசையும் மோட்டார் பிளேட்லயும் மேனுவல்லயும் அச்சடிங்க. கொள்கைய மாத்த நாளாகும்னா பரவாயில்ல, என் ஸ்டவ்வோட மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் உங்ககிட்ட இருக்கு, இந்த ஒரு மோட்டாரை மட்டும் முதல்ல அனுப்பி வைங்க. தபால் செலவோட சேத்து என்ன விலைன்னு சொல்லுங்க, இன்னிக்கே கட்டிடறேன்.

இப்படிக்கு,
உங்க ஸ்டவ்வ நம்பி இருக்கற ஒரு மெய்ன் குடும்பம்