கணினிக்குப் பாட்டியின் எடை தெரியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசாங்கக் கிளினிக்குகளில் மருந்துச் சீட்டைக் கணினியில் எழுதுவதால் இனி மருந்தில் தவறே வராது என்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பலர் நம்புகிறார்கள். அது பாதிதான் உண்மை. கையெழுத்து புரியாமல் 2.5 மில்லிகிராம் 25 ஆகிவிடும் ஆபத்து குறைந்திருக்கிறது. ஆனால் வயதானவர்களுக்கு மருந்தால் வரும் கெடுதலில் கையெழுத்தின் பங்கு சிறியது. தனித்தனியாகப் பார்த்தால் எல்லா மாத்திரையும் சரியாகவே இருக்கும். அவை ஒன்றுசேர்ந்து, சிறுநீரகம் தளர்ந்த உடம்புக்குள் போகும்போதுதான் வினை.

78 வயது, 45 கிலோ எடையுள்ள ஒரு பாட்டிக்கு ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) லிட்டருக்கு 95 மைக்ரோமோல் என்று வந்தால் யாரும் பதற மாட்டார்கள். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று மதிப்பிடும் காக்ராஃப்ட்-கால்ட் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 140இலிருந்து வயதைக் கழித்து, வருவதை எடையாலும், பெண் என்றால் 1.04ஆலும் (ஆணுக்கு 1.23) பெருக்கி, கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். 62 × 45 × 1.04 ÷ 95. விடை சுமார் 30. நிமிடத்துக்கு 30 மில்லிலிட்டர்தான் சிறுநீரகம் வடிகட்டுகிறது. அதே 95, முப்பது வயதான 65 கிலோ பேத்திக்கு வந்திருந்தால் விடை 78. தாளில் ஒரே எண், உடம்பு வேறு.

வடிகட்டல் 45க்குக் கீழே இறங்கினால் நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மினை நாளுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்கக்கூடாது. 30க்குக் கீழே போனால் நிறுத்திவிட வேண்டும். இன்னொரு நீரிழிவு மாத்திரையான கிளிபென்கிளமைடு இன்னும் மோசம். அது உடம்பில் தேங்கி, இரவுச் சாப்பாடு குறைந்த நாளில் விடியற்காலையில் சீனியை இறக்கிவிடும். வியர்த்துக் குழம்பிப் பேசும் முதியவரை வீட்டார் "வயசாகிவிட்டது" என்று விட்டுவிடுவார்கள். வயதானவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளைச் சொல்லும் அமெரிக்காவின் பியர்ஸ் பட்டியலும் அயர்லாந்தில் உருவான ஸ்டாப்-ஸ்டார்ட் பட்டியலும் 2023இல் புதுப்பிக்கப்பட்டன. அவற்றைக் கணினிக்குள் விதிகளாக எழுதிவைப்பதுதான் முடிவெடுக்க உதவும் மென்பொருள்.

ஆனால் எடைக் கட்டம் காலியாகக் கிடந்தால் அந்தக் கணக்கே ஓடாது. எச்சரிக்கை வராது. வராததை "ஆபத்தில்லை" என்று படிக்கிறோம். மூன்று வருடத்துக்கு முந்தைய எடையும், ஒன்றரை வருடத்துக்கு முந்தைய கிரியேட்டினினும் இதைவிட மோசம். கணினி பழைய எண்ணைப் போட்டு உறுதியாகத் தவறான விடை சொல்லும். 65 வயதுக்கு மேற்பட்டவருக்கு எடையும் கிரியேட்டினினும் ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால், சீட்டு முடிவதற்குள் திரை அதைக் கேட்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

அடுத்தது எதிர்த்திசைக் கோளாறு: கேட்டதற்கெல்லாம் கூவும் கணினி. மருத்துவர்கள் மருந்து எச்சரிக்கைகளில் 49 முதல் 96 விழுக்காடு வரை தள்ளிவிட்டுப் போகிறார்கள் என்று 2006இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு சொன்னது. அவர்கள்மேல் மட்டும் குறை சொல்ல முடியாது. கால்சியத்துக்கும் சிவப்பு எச்சரிக்கை, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினுக்கும் சிவப்பு என்றால் விரல் தானாக "சரி"யை அழுத்தும். முதியவர்களுக்கென்று பத்துப் பன்னிரண்டு விதிகளை மட்டும் சிவப்பில் வையுங்கள். உதாரணமாக, வார்ஃபரினோடு வலி மாத்திரைகளான டைக்ளோஃபெனாக் அல்லது மெஃபெனமிக் ஆசிட் (பொன்ஸ்டான் என்று நம் வீடுகளில் சாதாரணமாகப் புழங்குவது). கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாடினோடு கிளாரித்ரோமைசின் என்ற ஆண்டிபயாடிக். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுபவருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டும் சிம்வாஸ்டாடின். புராஸ்டேட் வீங்கிய தாத்தாவுக்குச் சளிக்கென்று குளோர்ஃபெனிரமின், சிறுநீர் அடைத்துக்கொள்ளும். மற்றவை மருத்துவரைத் தடுக்காமல் மருந்தாளரின் திரைக்குப் போகட்டும்.

எச்சரிக்கையின் வாசகமும் முக்கியம். "கவனம்" என்றால் யாருக்கும் பயனில்லை. "கிளிபென்கிளமைடுக்குப் பதில் கிளிக்லாசைடு யோசிக்கவும்" என்றால் உடனே ஒரு வழி தெரிகிறது. மீறுபவர் காரணத்தை ஒரு வரி எழுத வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை அந்தக் காரணங்களைப் படித்து, எல்லாரும் மீறும் விதியைத் திருத்த வேண்டும். அம்லோடிபின் என்று தட்டியதும் முதலில் 10 மில்லிகிராம் வந்து நிற்பதையும் மாற்றுங்கள். அவசரத்தில் முதல் வரியைத்தான் தொடுவார்கள். முதியவருக்கு அங்கே 2.5 நிற்கட்டும். இதே அம்லோடிபினால் கால் வீங்கினால், வீக்கத்துக்கு ஃபுரோசமைடு என்ற நீர் மாத்திரையைச் சேர்ப்பது பழகிப்போன தவறு. ஒரு மருந்தின் பக்கவிளைவுக்கு இன்னொரு மருந்து. கால் வீக்கம் வடியாது, பொட்டாசியம் இறங்கும், கவுட் என்ற மூட்டு வலி வரும், அதற்கு ஒரு மாத்திரை.

இயந்திரத்தின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஐரோப்பாவில் நான்கு நாடுகளில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 2,008 நோயாளிகளிடம் இப்படி ஒரு மென்பொருளை வைத்துச் செய்த ஓபராம் ஆய்வு 2021இல் வெளியானது. தேவையற்ற மருந்துகள் குறைந்தன. ஆனால் மருந்தால் மருத்துவமனையில் சேர்வது குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. நிறுத்து என்று கணினி சொல்லும், எப்படி நிறுத்துவது என்பது வேறு கலை. பல வருடம் லோராசெபாம் என்ற தூக்க மாத்திரையைச் சாப்பிட்டுத் தூங்கியவருக்கு ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கமும் குழப்பமும் வரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால்வாசி கால்வாசியாகக் குறைக்க வேண்டும்; சிலருக்கு அதையும்விட மெதுவாக. நிறுத்திய மருந்தைச் சீட்டிலிருந்து நீக்காமல் விட்டால், மாதா மாதம் கவுண்டரில் அது வந்துகொண்டே இருக்கும்.

தோட்டத்து மருத்துவமனையில் டிரஸர் (மருத்துவ உதவியாளர்) இருந்த காலத்தில் எந்த லயத்தில் யாருக்கு என்ன மாத்திரை என்று அவருக்கே மனப்பாடம். இன்று ஒரே முதியவருக்கு ஈப்போவில் நிபுணர், இங்கே அரசாங்கக் கிளினிக், டவுனில் தனியார் டாக்டர், பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மூட்டுவலி ஜாமு என்ற நாட்டு மருந்து. அரசாங்கக் கணினிக்குத் தனியார் கிளினிக்கில் கவரில் போட்டுக் கொடுத்த மாத்திரை தெரியாது. கிளினிக்கில் ரத்த அழுத்தத்துக்குப் பெரிண்டோபிரில், ஹைட்ரோகுளோரோதயசைடு. வெளியே முழங்கால் வலிக்கு டைக்ளோஃபெனாக். மூன்றும் சேர்ந்தால் சில நாளில் சிறுநீரகம் நின்றுபோகலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த வாரத்தில் ஆபத்து இன்னும் அதிகம். பதிவு எண் இல்லாத மூட்டுவலி மருந்துகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பது நம் மலேசியாவில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. "அதைச் சாப்பிட்டதும் வலி பறந்துவிட்டது" என்றால் அதுவே சந்தேகத்துக்குக் காரணம்.

ஆகவே அப்பா அம்மாவைக் கிளினிக்குக்கு அழைத்துப் போகும் பிள்ளைகள், வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கண் சொட்டு மருந்து, இந்தியாவிலிருந்து வந்தது, தைலம், ஜாமு, எதையும் விடாதீர்கள். மருந்தாளரிடம் "இதையெல்லாம் கணினியில் ஏற்றுங்கள், இன்றைய எடையையும் போடுங்கள்" என்று கேளுங்கள். மாத்திரை அட்டையைக் கத்தரித்துத் தனித்தனியாக்க வேண்டாம். பெயரும் மில்லிகிராமும் அதன் முதுகில்தான் இருக்கின்றன.

மருந்தாளர்கள் இருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.