கண்ணாடியும் இயர்மஃப்பும் ஒத்துப்போக: பட்டறையில் வேலை செய்வோருக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இயர்மஃப் (சத்தத்தைத் தடுக்கக் காதை முழுக்க மூடும் சாதனம்) வாங்கிச் செல்லும் கண்ணாடிக்காரர்கள் பெரும்பாலும் ஒரே குறையோடு திரும்பி வருகிறார்கள்: காதுக்கு மேலே வலிக்கிறது, கழற்றி வைத்துவிடுகிறோம் என்று. கோளாறு மஃப்பில் மட்டும் இல்லை. கண்ணாடிக் காம்பும் மஃப்பின் மெத்தையும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது.

மெத்தையின் விளிம்பு தலையோடு இடைவெளி இல்லாமல் சுற்றிலும் ஒட்டி நின்றால்தான் மஃப் சத்தத்தை அடைக்கும். இடையில் காம்பு நுழைந்ததும் அதன் மேலும் கீழும் மெல்லிய சந்து விழுகிறது. அதனால் 3 முதல் 7 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) வரை பாதுகாப்பு போவது சாதாரணம். தடித்த பிளாஸ்டிக் காம்பானால் இன்னும் கூடப் போகலாம். முதலில் உள்ளே வருவது கம்ப்ரசர், மோட்டார் போன்றவற்றின் தாழ்ந்த உறுமல். 3 டெசிபல்தானே என்று விட்டுவிடாதீர்கள். தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனத்தின் கணக்கில் 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம். 88 ஆனால் 4 மணி நேரம்தான். 100 டெசிபலில் 15 நிமிடம்தான்.

வலி வேறு கதை. மஃப்பின் தலைப்பட்டையின் அழுத்தம் முழுவதும் காம்பின் வழியே எலும்பின் மேல் ஒரே கோட்டில் இறங்குவதால் வருவது அது. வலித்தால் கை தானாகக் கழற்றும், அதுதான் பெரிய நஷ்டம். உண்மையிலேயே 30 டெசிபல் குறைக்கும் மஃப்பை 8 மணி நேர வேலையில் அரை மணி நேரம் கழற்றி வைத்தால், அன்றைக்கு மொத்தத்தில் கிடைக்கும் பாதுகாப்பு ஏறக்குறைய 12 டெசிபல்தான். அதனால் அட்டையில் சத்தக் குறைப்பு எண் பெரிதாக இருக்கும் மஃப்பை விட, நாள் முழுக்கத் தலையில் இருக்கக்கூடிய மஃப்பே மேல் என்பது எங்கள் உறுதியான கருத்து.

கண்ணாடி அணிபவர்களுக்கு நாங்கள் முதலில் எடுத்துக் காட்டுவது ஃபோம் இயர்பிளக், அதாவது காதுத் துவாரத்துக்குள் விடும் நுரை அடைப்பான். காம்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் சரியாகப் போட வேண்டும். கையைக் கழுவிவிட்டு, பிளக்கை மடிப்பு விழாமல் மெல்லிய குச்சிபோல உருட்டுங்கள். எதிர்க் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுங்கள், துவாரம் நேராகும். உடனே உள்ளே விட்டு, விரல் நுனியால் 30 விநாடி பிடித்திருங்கள். இந்தப் பிடிப்பைத் தவறவிடுபவர்கள்தான் அதிகம். பிளக் விரியும்போது வெளியே நழுவி, பாதிதான் அடைக்கும். எதிரில் நிற்பவருக்குப் பிளக் துருத்திக்கொண்டு தெரிந்தால் எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். காதில் சீழோ வலியோ இருந்தால் பிளக் வேண்டாம், மஃப்தான்.

கிரீஸ் கையோடு அடிக்கடி போட்டுக் கழற்றுபவர்களுக்கு ஃபோம் ஒத்துவராது, அழுக்கு காதுக்குள் போகும். அவர்களுக்குக் கழுத்தில் தொங்கும் பட்டை வைத்த பிளக் வசதி. பொதுவாகப் பாதுகாப்பு சற்றுக் குறைவு.

மஃப்தான் வேண்டும் என்றால் மெத்தையை விரலால் அழுத்திப் பாருங்கள். மிருதுவான ஆழமான நுரையோ, ஜெல் மெத்தையோ காம்பைச் சுற்றி அமிழ்ந்து கொடுக்கும். விறைப்பான மெல்லிய மெத்தை காம்பின் மேல் பாலம்போல் நிற்கும். கண்ணாடியின் பங்கும் இதில் பாதி. காம்பு மெல்லியதாக, தட்டையாக, நெற்றிப்பொட்டை ஒட்டிப் போவதாக இருக்கட்டும். முகத்தை விட அகலமான ஃபிரேமில் காம்பு வெளிப்பக்கம் வளைந்து நிற்கும். எந்த மெத்தையும் அந்த இடைவெளியை மூடாது. பாதுகாப்புக் கண்ணாடிக்குக் காம்பே இல்லாமல் பட்டையோடு வருவதும் உண்டு. தட்டையான பட்டை காம்பை விடக் குறைவாகவே இடைவெளி விடும்.

அழுத்தம் தாங்கவில்லை என்று மஃப்பின் தலைப்பட்டையை வளைத்து அகட்டாதீர்கள். மெத்தையில் காம்புக்காகப் பள்ளமும் வெட்டாதீர்கள். இரண்டுமே அடைப்பைக் கெடுக்கும். தொப்பியின் விளிம்பும் முடியும் மெத்தைக்குள் சிக்காமல் ஒதுக்குங்கள். மெத்தை விறைத்தாலோ, வெடித்தாலோ அதை மட்டும் மாற்றலாம்; தினமும் போடுபவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து மாற்றுவது நல்லது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க மின்விசிறியோ வாக்யூம் கிளீனரோ போதும். கண்ணாடியோடு மஃப்பைப் போட்டு, காதை மூடும் இரு கிண்ணங்களையும் உள்ளங்கையால் அழுத்துங்கள். சத்தம் சட்டென்று இறங்கினால் கசிவு இருக்கிறது.

100 டெசிபலைத் தாண்டும் கிரைண்டர், அறுக்கும் மிஷின் வேலைக்கு உள்ளே பிளக், மேலே மஃப் என இரண்டும் போடுங்கள். இரண்டின் எண்களையும் அப்படியே கூட்டிக்கொள்ள முடியாது. இரண்டில் பெரிய எண்ணோடு தோராயமாக 5 டெசிபல்தான் சேரும். ஆனாலும் காம்பால் வரும் கசிவுக்கு இது நல்ல காப்பு.

கடைக்கு வரும்போது வேலையில் போடும் அதே கண்ணாடியோடு வாருங்கள். மாதிரி மஃப்பைப் போட்டு 15 நிமிடமாவது நடமாடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். காம்பு அழுத்தும் வலி முதல் நிமிடத்தில் தெரியாது.

இப்படிக்கு,
பாதுகாப்புச் சாதனப் பிரிவினர்