மெம்பிஸில் ஆடிய விமர்சகர்கள்: ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் பரிந்துரைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுவினருக்கு,

வணக்கம். உங்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் இருக்க வாய்ப்பில்லை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ராக் இசையில் சாதித்தவர்களைக் கௌரவிக்கும் உங்கள் ஹால் ஆஃப் ஃபேமில் பிக் ஸ்டார் என்ற அமெரிக்கக் குழுவைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறேன். இந்த விஷயத்தில் மடல் எழுதுவது பொருத்தமும்கூட. பின்னாளில் அந்தக் குழுவில் பாடிய அலெக்ஸ் சில்டன் தன் 16ஆவது வயதில், 1967இல், பாக்ஸ் டாப்ஸ் குழுவுக்காகப் பாடி நான்கு வாரம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் நின்ற பாட்டின் பெயரே ‘தி லெட்டர்’தான். அதைவிட நல்ல பாட்டுகளை அவர் பிறகு எழுதினார். கேட்க ஆள் கிடைக்கவில்லை.

அந்தப் பாட்டுகள் பிக் ஸ்டார் குழுவுடையவை. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிறிஸ் பெல், சில்டன், டிரம்மர் ஜோடி ஸ்டீபன்ஸ், பேஸ் கிதார் வாசித்த ஆண்டி ஹம்மல் என்று நான்கு பையன்கள் 1971இல் கூடினார்கள். ஆர்டென்ட் ஸ்டூடியோவுக்கு எதிரே இருந்த மளிகைக் கடையின் பெயரைத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். ஊரெல்லாம் கறுப்பினக் கலைஞர்கள் வளர்த்த சோல் இசை ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் பீட்டில்ஸ், பேர்ட்ஸ் போன்ற ராக் குழுக்களை மனதில் வைத்து மூன்று நிமிடப் பாட்டு கட்டினார்கள். 1972இல் வந்த முதல் இசைத்தட்டுக்கு ‘நம்பர் ஒன் ரெகார்ட்’ என்று பெயர். பையன்களுக்குக் கொஞ்சம் குறும்பு அதிகம்தான்.

ஹெட்ஃபோன் போட்டு அந்தத் தட்டைக் கேட்டுப் பாருங்கள். ஜான் ஃபிரை ஒலிப்பதிவு செய்த கிதார் சத்தம் கிண்ணத்தைக் கரண்டியால் தட்டியதுபோல் துல்லியமாக விழும். பெல்லின் குரல் கிழிந்துவிடுமோ என்கிற உச்சத்தில் நிற்கும். சில்டனின் குரல் அதன் பக்கத்தில் வந்து சாய்ந்துகொள்ளும். அப்புறம் ‘தர்ட்டீன்’ வரும்போது டிரம்ஸே இருக்காது. பள்ளிக்கூடப் பையன் ஒருவன் தோழியிடம் தயங்கித் தயங்கிப் பேசுகிற பாட்டு அது. கிதார் அதிர்வும் இனிய மெட்டும் கலந்த இவர்களுடைய பாணியான பவர் பாப் என்றால் துள்ளலும் கைதட்டலும் மட்டும்தான் என்று நினைத்திருந்த எனக்கு, அந்த இடத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது.

விமர்சகர்கள் அப்போதே பாராட்டினார்கள். தட்டுதான் கடைக்கு வரவில்லை. வெளியிட்ட ஸ்டாக்ஸ் நிறுவனத்துக்கு சோல் தட்டுகளை விற்கத் தெரியும்; ராக் தட்டை யாரிடம் கொடுப்பது என்பதில் தடுமாறியது. பிறகு விநியோகம் கொலம்பியா என்ற இன்னொரு இசை நிறுவனத்தின் கைக்குப் போனது, நிலைமை இன்னும் மோசமானது. பாராட்டைப் படித்துவிட்டுக் கடைக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்பினார். அந்தக் காலத்தில் விற்றது பத்தாயிரத்துக்கும் குறைவு என்பார்கள். பெல் மனம் உடைந்து அந்த ஆண்டின் முடிவிலேயே விலகிவிட்டார்.

1973 மே மாதம் நடந்ததை உங்களுக்கு நினைவூட்ட வேண்டும். ராக் எழுத்தாளர்களை நாடெங்கிலும் இருந்து மெம்பிஸுக்கு வரவழைத்து ஒரு மாநாடு நடத்தினார்கள். லெஸ்டர் பேங்ஸ் போன்ற பெயர்பெற்ற விமர்சகர்கள் வந்திருந்தார்கள். பாதி கலைந்துபோயிருந்த பிக் ஸ்டார், பெல் இல்லாமல் மூவராக மேடையேறியது. கையைக் கட்டிக்கொண்டோ குறிப்பெடுத்துக்கொண்டோ உட்கார்ந்திருக்கிற அந்தக் கூட்டம் எழுந்து ஆடியது. அந்த இரவுதான் குழுவை இரண்டாவது தட்டு வரை இழுத்து வந்தது என்று நினைக்கிறேன். 1974இல் ‘ரேடியோ சிட்டி’ வந்தது. அதற்குள் ஸ்டாக்ஸும் கொலம்பியாவும் முட்டிக்கொண்டிருந்தன. இந்தத் தட்டும் கிடங்கோடு நின்றது. ஹம்மலும் விலகினார். அதே ஆண்டு பதிவான மூன்றாவது தட்டு வெளியே வரவே 1978 ஆகிவிட்டது. அந்த டிசம்பரில் கிறிஸ் பெல் கார் விபத்தில் இறந்தார். வயது 27.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதல் பதிவு வந்து 25 ஆண்டு கடந்திருக்க வேண்டும் என்பது உங்கள் விதி. பிக் ஸ்டாருக்கு அந்தத் தகுதி 1997இலேயே வந்துவிட்டது. விற்பனை போதாது என்பீர்களானால், வெல்வெட் அண்டர்கிரவுண்டை 1996இல் சேர்த்தீர்களே, அவர்கள் என்ன லட்சக்கணக்கில் விற்றார்களா? எழுபதுகளில் போட்டது மூன்றே தட்டு என்பீர்களானால், ஒரே ஒரு ஸ்டூடியோ தட்டு போட்ட செக்ஸ் பிஸ்டல்ஸுக்கு 2006இல் இடம் கொடுத்தவர்கள் நீங்கள். பவர் பாப்பே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. 2016இல் அதே பாணியில் பாடும் சீப் டிரிக் குழு உள்ளே வந்துவிட்டது. ‘தட் செவன்டீஸ் ஷோ’ தொலைக்காட்சித் தொடரின் தொடக்கத்தில் அந்த சீப் டிரிக் பாடியது யாருடைய பாட்டு? பிக் ஸ்டாரின் ‘இன் த ஸ்ட்ரீட்’தான். ஒவ்வொரு ஒளிபரப்புக்கும் தனக்கு 70 டாலர் வருகிறது என்று சில்டன் சொல்லிச் சிரித்ததாகக் கதை உண்டு.

ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன். இவர்களைச் சேர்ப்பதானால், தோற்றுப்போன பாவப்பட்ட மேதைகள் என்று கண்ணீர் விட்டுச் சேர்க்காதீர்கள். விமர்சகர்கள் பல காலமாக அந்தப் படத்துக்கு மாலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சில்டனுக்கே அந்த வழிபாடு பிடிக்கவில்லை. அவர் நியூ ஆர்லியன்ஸில் பாத்திரம் கழுவிய கதையைத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் ‘செப்டம்பர் கேர்ள்ஸ்’ பாட்டின் கிதார் தொடக்கத்தை ஒழுங்காகக் கேட்டிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். பாட்டு நன்றாகக் கட்டப்பட்டிருக்கிறது. அதற்காகக் கூப்பிடுங்கள், போதும்.

சில்டனும் ஹம்மலும் 2010இல் சில மாத இடைவெளியில் இறந்துபோனார்கள். நால்வரில் மிஞ்சியவர் ஜோடி ஸ்டீபன்ஸ். விழாவில் பேச யாரைக் கூப்பிடுவது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். 2007இல் நீங்கள் சேர்த்துக்கொண்ட ஆர்.இ.எம். குழுவின் மைக் மில்ஸ், ஜோடியோடு மேடையேறி இந்தப் பாட்டுகளை வாசித்திருக்கிறார். அவர் பேசட்டும். பேச்சைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு பேஸ் கிதாரை எடுக்கட்டும், ஜோடி டிரம்ஸுக்குப் பின்னால் போய் உட்காரட்டும்.

இப்படிக்கு,
‘தர்ட்டீன்’ கேட்டுத் தொண்டை அடைத்த ஒரு ரசிகன்