யூஐ/யூஎக்ஸ்: ஒரு சாய்கோட்டுக்குள் இரண்டு தொழில்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் பத்திரிகையின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் ‘யூஐ/யூஎக்ஸ் வடிவமைப்பாளர் தேவை’ என்னும் விளம்பரங்களை அண்மைக் காலமாக அடிக்கடி காண்கிறேன். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் மதில்களில் ஒட்டப்படும் கணினி வகுப்பு அறிவித்தல்களிலும் இதே சொல், இதே சாய்கோட்டோடு இடம்பெறுகிறது. இதனால் திரையின் தோற்றத்தைக் குறிக்கும் பயனர் இடைமுகம் (யூஐ), அதைக் கொண்டு ஒருவர் தம் வேலையைத் தடுமாறாமல் முடிப்பதைக் குறிக்கும் பயனர் அனுபவம் (யூஎக்ஸ்) ஆகிய இரண்டையும் ஒரே வேலையின் இரு பெயர்கள் என்றே நம் பிள்ளைகளும் பெற்றோரும் எண்ணிவிடுகின்றனர். பல ஆண்டுகளாகச் செயலிகளுக்குத் திரை வரைந்து கொடுத்துச் சம்பாதிப்பவன் என்ற முறையில் இதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

கல்லடியில் எங்கள் அடுத்த வளவில் இடியப்பம் அவித்து விற்கும் மாமி ஒருவர் இருக்கிறார். மகன் வாங்கி அனுப்பிய கைத்தொலைபேசியில் மின்கட்டணத்தைத் தாமே செலுத்த ஆசைப்பட்டு, ஒரு கொடுப்பனவுச் செயலியில் பதிந்து தரும்படி என்னைக் கூப்பிட்டார். அழகான செயலி, நிறத்தேர்வில் குறை சொல்ல முடியாது. ஆயினும், மொழியைத் தமிழுக்கு மாற்றியவுடன் ‘உறுதிப்படுத்துக’ என்னும் சொல் பொத்தானுக்குள் அடங்காமல் ‘உறுதிப்ப’ என்பதோடு நின்று மூன்று புள்ளிகளாயிற்று. வரிகளுக்கிடையே போதிய இடம் விடாததால் ‘மீதி’ என்ற சொல் மேற்சுழிகளை இழந்து கிடந்தது. இவை இடைமுக வடிவமைப்பின் குறைகள். ஆங்கிலத்தில் வரைந்த திரையில் தமிழை ஒருமுறை இட்டுப் பார்த்திருந்தால் அரைநாளில் தீர்ந்திருக்கும்.

மாமியைத் திணறவைத்தவை வேறு; அவை அனுபவ வடிவமைப்பின் குறைகள். அவருடைய அடையாள அட்டை பழையது. ஒன்பது இலக்கங்களுக்குப் பின் ‘வீ’ என்னும் ஆங்கில எழுத்தைக் கொண்டது. 12 இலக்க எண் 2016 முதல்தான் வழங்கப்படுகிறது. பழைய எண்ணோடு வாழ்வோர் இன்னும் நிறையப் பேர். செயலியோ அந்தக் கட்டத்தைத் தொட்டதும் எண்கள் மட்டுமுள்ள விசைப்பலகையைத் திறந்தது. ‘வீ’யைத் தட்ட வழியே இல்லை. அடுத்த கட்டம் குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்டது. தகப்பன் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக இட்டு எழுதும் நம்மவர், அங்கே தகப்பன் பெயரை இடுவதா, கணவன் பெயரை இடுவதா? எதை இட்டாலும் அட்டையில் உள்ளபடி வராது. முடிவில் மகளின் 12 இலக்க எண்ணைக் கொடுத்து மகளின் பெயரிலேயே பதிந்தோம்.

பணம் செலுத்தும்போது இணைப்பு மெதுவாக இருந்தது. திரையில் ஒரு வட்டம் சுழன்றதே தவிர ஒரு சொல்லும் வரவில்லை. “மனே, காசு போனதோ போகல்லையோ எண்டு இது ஒண்டும் சொல்லுதில்லையே” என்றபடி மாமி மறுபடியும் அழுத்த, கட்டணம் இரண்டு முறை கழிந்தது. மீளப் பெறக் கேட்டபோது, கணக்கு அவர் பெயரில் இல்லை என்ற பதில் கிடைத்தது. சுழலும் வட்டத்தை வரைந்தவர் இடைமுக வடிவமைப்பாளர்; இணைப்பு மெதுவானால் பயனருக்கு எப்போது, என்ன சொல்ல வேண்டும், இரண்டாவது அழுத்தலை ஏற்கலாமா என்பதைத் தீர்மானித்திருக்க வேண்டியவர் அனுபவ வடிவமைப்பாளர். இங்கே எல்லைக்கோடு சற்று மங்கல்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், அடையாள அட்டை விடயத்தில் மங்கல் எதுவும் இல்லை. அதைத் திரை வரைபவரின் தலையில் கட்டுவது அநியாயம். வயதானவர்களின் அட்டை எப்படி இருக்கும் என்று போய்ப் பார்த்துவரும் பொறுப்பை அங்கே ஒருவரிடமும் ஒப்படைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

இந்தப் பிரிவு நேற்று வந்ததுமன்று. அமெரிக்காவின் பலோ அல்டோவில் செரொக்ஸ் ஆய்வுகூடம் 1973இல் உருவாக்கிய அல்டோ கணினி சாளரங்களையும் சுட்டியையும் கொண்டிருந்தது. 1984இல் ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டோஷ் கணினி அவற்றைச் சாதாரண மக்களிடம் கொண்டுசேர்த்தது. திரையைப் பற்றிய அறிவு அப்படி வளர்ந்துகொண்டிருக்க, 1993இல் அதே நிறுவனத்தில் சேர்ந்த அறிதிறன் அறிவியலாளர் டொன் நோர்மன் தம் பதவிப் பெயரிலேயே ‘பயனர் அனுபவம்’ என்பதைச் சேர்த்துக்கொண்டார். பொருளை ஒருவர் முதன்முதலில் கேள்விப்படுவது முதல், வாங்கி, பயன்படுத்தி, பழுதானால் உதவி கேட்பது வரை அனைத்தையும் அடக்க ‘இடைமுகம்’ என்ற சொல் போதாது என்பதே அவரது காரணம்.

இடைமுக வேலை இலகுவானது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்பது உலகளவில் ஏற்கப்பட்ட அணுகல் நெறி. மதிய வெயிலில் பஸ் தரிப்பிடத்தில் நின்று வெளிர்சாம்பல் எழுத்தை வாசிக்க முயன்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். அனுபவ வேலைக்கோ நிறமும் எழுத்துருவும் பின்னால்தான் வரும். அது ஆட்களோடு உட்கார்ந்து, குறுக்கிடாமல், அவர்கள் தடுமாறும் இடத்தைக் குறித்துக்கொள்வதில் தொடங்குகிறது. ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான இடறல்கள் வெளிப்பட்டுவிடும் என்று 2000ஆம் ஆண்டில் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் எழுதினார். அந்த ஐவரில் ஒருவராவது எங்கள் மாமியைப் போன்றவராக இருக்க வேண்டும் என்பது என் இடைச்செருகல்.

ஐந்தாறு பேர் கொண்ட சிறு நிறுவனத்தில் இரண்டையும் ஒருவரே செய்வது தவிர்க்க முடியாதது, நானும் செய்திருக்கிறேன். அத்தகைய இடங்களில், கால அவகாசம் குறைந்ததும் முதலில் கைவிடப்படுவது ஆட்களைப் போய்ச் சந்திக்கும் வேலையே. திரை வரையாவிட்டால் அன்றைக்கே கேட்பார்கள். பயனரிடம் பேசாவிட்டால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். நம் நகரத்து வகுப்புகளும் திரை வரையும் மென்பொருளான ஃபிக்மாவை மூன்று மாதம் பழக்கி, இரண்டு பெயரையும் ஒரே சான்றிதழில் அச்சிட்டுக் கொடுத்துவிடுகின்றன.

இதில் கிழக்கு மாகாண இளையோர் இழப்பது அதிகம். வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் சமூகவியல், புவியியல், தமிழ் என்று படித்து வெளியேறும் கலைப் பட்டதாரிகள் ‘வடிவமைப்பாளர்’ என்ற சொல்லைக் கண்டதும், தமக்கு வரைய வராது என்று விளம்பரத்தைப் புரட்டிவிடுகின்றனர். ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் வாழைச்சேனையிலும் வீட்டுக்கு வீடு போய் நேர்காணல் செய்து ஆய்வுக்கட்டுரை எழுதிய அவர்கள், பயனர் ஆய்வின் பாதியை ஏற்கெனவே கற்றவர்கள். மறுபுறம், கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கட்புலக் கலை பயிலும் மாணவருக்கு இடைமுக வேலை இயல்பாகவே பொருந்தும்.

ஆகவே, விளம்பரம் தருவோரிடம், தேடுவது திரை வரைபவரையா, பயனரை ஆராய்பவரையா, இரண்டையும் செய்பவரையா என்று ஒரு வரியில் குறிப்பிடும்படி தங்கள் விளம்பரப் பிரிவு கேட்டுக்கொள்ளலாம். வகுப்பு நடத்துவோர், மாணவர் ஒவ்வொருவரையும் ஒரு நாளாவது தபாலகத்துக்கோ பிரதேச செயலகத்துக்கோ அனுப்பி, அங்கே மக்கள் படிவம் நிரப்புவதைப் பார்த்து எழுதிவரச் செய்யலாம். எங்கள் மாமியையும் அவர்கள் அங்கே சந்திக்கக்கூடும். மின்கட்டணத்தை அவர் மறுபடியும் தபாலகத்திலேயே கட்டுகிறார்.

இங்ஙனம்,
கல்லடி வாசகர் ஒருவர்,
மட்டக்களப்பு.